பெட்டியில் எழுதியிருந்த எண்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தது வைரவசுந்தரம். அதோ, பெட்டிக்குள் படுத்திருக்கிறாரே, அவர்தான். பெட்டி என்னுடையது.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் வளையும். அதுவும் என்னுடையதுதான், அதனால் தெரியும். இதில் உட்காருங்கள். மதுரையா? பேப்பர் கம்பெனியா? இவர் அச்சகத்துக்குப் பேப்பர் கொடுக்கிறவரா? சரி, சரி. மருமகன் துபாயிலிருந்து வர வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டாராம். செங்கோட்டை தாண்டிவிட்டேன் என்று போன் வந்த பிறகுதான் எடுப்பார்கள். அதுவரைக்கும் உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. எடுக்கிற நேரத்தில் ப்ளக்கைப் பிடுங்குவது மட்டும்தான் என் வேலை.

உங்களுக்குச் செய்தி எப்படித் தெரிந்தது? என் வெப்சைட்டிலா? பார்த்தீர்களா! இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். வைரவசுந்தரம் இந்த ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தவர். அவர் செத்ததற்குப் போஸ்டர் இல்லை. முதலாளி வீட்டில் துக்கம், மிஷின் ஓடக் கூடாது என்று அச்சகத்தைப் பூட்டிவிட்டார்கள். ஊரில் வேறு அச்சகம் கிடையாது. இருந்த ஒன்றையும் இவரேதான் வாங்கி மூடினார். ஆகமொத்தம் இன்றைக்கு இவர் செத்ததை ஊருக்குச் சொன்னது நான். நான் என்றால் யார்? ஆறாம் வகுப்பு வரை படித்த சொரிமுத்து. அந்த ஆறாம் வகுப்பையும் இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு ஆழமான படிப்பு.

இவர் செய்த கெடுதலைச் சொல்கிறேன். நான் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். பந்தல், நாற்காலி, பெட்டி. ஒரு வீட்டில் துக்கம் என்றால் டாக்டருக்கு அடுத்தபடி எனக்குத்தான் போன் வரும். சில சமயம் டாக்டருக்கு முன்னாலேயே வந்துவிடும். எந்த வீட்டில் யார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். வெளியூரில் இருக்கிறவர்கள் எனக்கே போன் போட்டுக் கேட்பார்கள். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவர், "அண்ணாச்சி, ஒரு வெப்சைட் போட்டுட்டா உங்க தொண்டைத் தண்ணி மிச்சம்" என்றார். போட்டுக் கொடுத்தார். படம் ஏற்றுவது, பேர் ஏற்றுவது, எடுக்கிற நேரம் ஏற்றுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் அவர் கத்தாருக்குப் போய்விட்டார். போகும்போது, "இனிமே நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். நானும் பார்த்துக்கொண்டேன். தினமும் காலையில் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதுதான் பார்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன்.

அதைத் திறந்த அன்று வியாபாரிகள் சங்கக் கூட்டம். வைரவசுந்தரம் எழுந்தார். "நம்ம சொரிமுத்து வெப்சைட் ஆரம்பிச்சிருக்காரு. பிரேதத்தை ஐஸ்ல வைக்கிறவரு, செய்தியைச் சூடாத் தரப் போறாராம். கைநாட்டு டாட் காம்" என்றார். சங்கத் தலைவருக்கு டீ மூக்கு வழியாக வந்தது. மளிகைக்கடைக்காரர் என் முதுகில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது நாம் மட்டும் சும்மா இருந்தால் புரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு வயிற்றுக்குள் கிடக்கிறது.

அதற்கு அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "தப்பாச் சொல்லிட்டேன் வே." அவ்வளவுதான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

சரி, என் லட்சணத்தையும் சொல்ல வேண்டுமல்லவா? சொல்கிறேன்.

வெப்சைட்டுக்குள்ளே போனால் மேலே ஒரு சிவப்புப் புள்ளி வரும். அப்டேட் வந்திருக்கிறது, அமுக்கு என்று சொல்லும். நான் நாள் பார்க்காமல் எதையும் தொடாதவன். புதுப் பெட்டி வாங்கினால்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் கரண்ட் கொடுப்பேன். புள்ளி செவ்வாய்க்கிழமை வரும், விட்டுவிடுவேன். புதன்கிழமை பார்த்தால் ராகு காலம், விட்டுவிடுவேன். அந்த வருஷம் பாருங்கள், புள்ளி ஆடி பிறந்த அன்றைக்கு வந்தது. புது வெர்ஷன் என்று போட்டிருந்தது. புதுசு என்று அதுவே சொல்கிறது. ஆடியில் யாராவது புதுசு ஆரம்பிப்பார்களா? ஆவணி பிறக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு புள்ளி இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. எனக்கு அதிலே ஒரு பெருமை. முறைப்படி நடக்கிறேன் என்று.

அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் வைத்து வைரவசுந்தரம் சொன்னார்: "என்ன வே சொரிமுத்து, உம்ம வெப்சைட்டைத் திறந்தா இழுத்துக்கிட்டுக் கிடக்கு. ஒருநாள் அதுக்கே நீர் பெட்டி அனுப்ப வேண்டியிருக்கும் போலிருக்கே." டீக்கடையில் இருந்த எல்லாரும் சாட்சி.

அடுத்த வாரமே நடந்துவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவரின் தாயார் தவறிவிட்டார்கள். பெரிய குடும்பம். படத்தை ஏற்றினேன். அம்மா நெற்றி நிறைய விபூதி, கையெடுத்துக் கும்பிடுகிற படம். கொஞ்ச நேரத்தில் பெங்களூரிலிருந்து அவர் தம்பி போன். "யோவ், என்னய்யா போட்டிருக்க?" திறந்து பார்த்தால், அம்மா படத்துக்கு மேலே பட்டாசு வெடிக்கிறது. கலர் கலராகக் காகிதம் கொட்டுகிறது. "வாழ்த்துகள்! நீங்கள் வென்றுவிட்டீர்கள்!" என்று தமிழிலேயே வருகிறது. அமுக்கினால் ரம்மி ஆடக் கூப்பிடுகிறது. அதற்கு முந்தின வாரம் போனவர், அதற்கு முந்தின மாதம் போனவர், எல்லார் தலைக்கு மேலேயும் பட்டாசு. செத்தவர்கள் எல்லாரும் ஜெயித்துவிட்டார்கள் சார். தோற்றவன் நான் ஒருவன்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டர் ப்ளக்கைப் பிடுங்கினேன். நமக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே. பிடுங்கிவிட்டு பெங்களூருக்குப் போன் போட்டு, "நிப்பாட்டிட்டேன் தம்பி" என்றேன். "இன்னும் வெடிச்சுக்கிட்டுத்தான்யா இருக்கு" என்றார். கடைக்கே மொத்தமாக மெயினை ஆஃப் செய்தேன். அப்போதும் பெங்களூரில் வெடித்தது. கடையில் இருந்த காலிப் பெட்டி நாலும் அணைந்ததுதான் மிச்சம்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் செய்தேன். கேட்டால் சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், துக்க வீட்டில் மெதுவாகச் சிரியுங்கள். கம்ப்யூட்டருக்கு எதிரே சிசிடிவி கேமரா வைத்தேன், எவன் வந்து கை வைக்கிறான் என்று பார்க்க. திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி அறைக்கு மாட்டினேன். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தேன். கேமராவில் பதிவானது முழுக்க நான்தான். தலையில் கை வைத்துக்கொண்டு நான், எழுந்து நடக்கிற நான், மறுபடி வந்து உட்கார்கிற நான்.

வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தங்கமான பெண். "சார், உங்க பாஸ்வேர்டை யாரோ கண்டுபிடிச்சிருக்காங்க. பழைய வெர்ஷன் வேற. ரெண்டு பக்கமும் கதவு திறந்து கிடந்திருக்கு. யாருக்காவது பாஸ்வேர்ட் சொல்லியிருக்கீங்களா சார்?"

"யாருக்கும் சொன்னதில்லம்மா. என் பெண்டாட்டிக்கே தெரியாது" என்றேன்.

உண்மைதான். சொன்னதில்லை. என் பாஸ்வேர்ட் என் போன் நம்பர். அந்த நம்பரை... அதோ பெட்டியின் பக்கவாட்டில் பாருங்கள் சார். இங்கிருந்தே படிக்கலாம். பெயிண்டரிடம் சொல்லி ஒரு முழ உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். எல்லாப் பெட்டியிலும், எல்லா நாற்காலி முதுகிலும், பந்தல் துணியிலும். இப்போது நீங்கள் சாய்ந்திருப்பதுகூட அதன் மேல்தான்.

"பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.

"பத்திரமா வச்சிருக்கேம்மா" என்றேன். "எங்கே சார்?" என்றாள். "வெப்சைட்டுக்குள்ளேயேதான்" என்றேன். வீட்டைப் பூட்டி, மாற்றுச் சாவியையும் அந்த வீட்டு அலமாரியிலேயே வைத்த மாதிரி. கம்பெனிக்காரர்கள் மொத்தத்தையும் துடைத்துவிட்டார்கள். நோய் மற்ற வெப்சைட்டுக்கும் பரவுமாம். துடைத்த பிறகு திறந்து பார்த்தேன். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. எத்தனை வருஷத்து ஆட்கள் சார்! ஊரில் செத்த ஒவ்வொருவரும் அதில் இருந்தார்கள். திதி எப்போது என்று தெரியாதவர்கள் அதில்தான் தேதி பார்ப்பார்கள். ஒரே இரவில் சுடுகாட்டையே காணோம்.

நான் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வைரவசுந்தரம் பேரில் புகார் கொடுத்தேன். டீக்கடையில் சொன்னார், அடுத்த வாரம் நடந்தது. இதைவிட என்ன ருசு வேண்டும்?

சப்-இன்ஸ்பெக்டர் இவரைக் கூப்பிட்டார். சட்டையில் மை அப்பிக்கொண்டு வந்து நின்றார். "நீங்க இவரு வெப்சைட்டை ஹேக் பண்ணிட்டதாச் சொல்றாரு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சார், எனக்குப் பக்கத்தைச் சுத்தி இடம் விட்டு அடிக்கவே இன்னும் சரியா வரலை. என் போஸ்டர்ல பாதிப் பேருக்குக் காது வெட்டுப்பட்டுப் போகுது. நான் எங்க ஹேக் பண்றது?" என்றார்.

ஸ்டேஷனே சிரித்தது. மறுபடியும் சிரிப்பு. கவனித்தீர்களா? இரண்டாவது தடவை.

சைபர் கிரைமில் கேட்டுச் சொன்னார்கள், இது எங்கோ வெளிநாட்டிலிருந்து தானாகச் சுற்றுகிற புரோகிராமாம். கதவு திறந்திருக்கிற வெப்சைட்டாகப் பார்த்து அதுவே நுழையுமாம். ஆளே கிடையாதாம். தானாகவா? இந்த ஊருக்கு பஸ்ஸே ஒழுங்காக வராது. வெளிநாட்டுப் புரோகிராம் தானாக வழி கண்டுபிடித்து என் கடைக்கு வருமா? யாரோ கை காட்டியிருக்க வேண்டும். நான் அதை இன்னும் நம்பவில்லை.

கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெட்டி கேட்டு வருகிறவர்கள்கூட, "அண்ணாச்சி, வெப்சைட்ல மட்டும் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்கிற ஆவுடையம்மாள் வந்தாள். புருஷன் போய் நாலு வருஷம். அவனுக்கு இருந்த ஒரே படம் நான் ஏற்றியதுதான். பழைய ரேஷன் கார்டில் இருந்ததை நான்தான் வெட்டிப் பெரிதாக்கியிருந்தேன். அந்தக் கார்டும் பிறகு மழையில் போய்விட்டது. வருஷா வருஷம் திதிக்கு முன்னால் வந்து, என் கம்ப்யூட்டரில் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவாள். மாலை போடுகிற மாதிரி திரையை முந்தானையால் துடைப்பாள்.

"அண்ணாச்சி, காட்டுங்க" என்றாள்.

என்ன காட்டுவேன்? "இல்லைம்மா. போயிட்டாரு" என்றேன்.

"அதான் தெரியுமே, நாலு வருஷம் ஆச்சே" என்றாள்.

"இல்ல, இங்க இருந்தும் போயிட்டாரு" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "சரி அண்ணாச்சி" என்று போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி வந்தாள். கையில் பளபளப்பான தாளில் அவள் புருஷன். பெரிய படம்.

"எங்க கிடைச்சுது?"

"வைரவன் அண்ணாச்சி அடிச்சுக் கொடுத்தாரு. அவரு கம்ப்யூட்டர்ல எல்லாரும் இருக்காங்களாம். உங்க வெப்சைட்ல இருந்துதான் எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னாரு."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. விஷயம் புரிகிறதா சார்? இத்தனை வருஷமாகப் போஸ்டருக்குப் படம், பேர், வயசு, பேரன் பேத்தி பட்டியல் எல்லாவற்றையும் என் வெப்சைட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார். கைநாட்டு டாட் காமில் இருந்து! போனேன். செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். "ஏன் வே, என்னைச் சங்கத்துல சிரிக்க வச்சிட்டு, என் வீட்டுக்குள்ளயே புகுந்து திருடியிருக்கீரே, வெக்கமா இல்ல?"

இவர் மிஷினை நிறுத்தினார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்து வைத்தார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது சார். நான் வருவேன் என்று தெரிந்து வைத்திருந்திருக்கிறார். அவ்வளவு திட்டம்.

"எல்லாரும் இதுல இருக்காங்க. வருஷ வாரியாப் பிரிச்சிருக்கேன். திதியும் போட்டிருக்கேன். எடுத்துக்கிட்டுப் போம்" என்றார். பிறகு, "அதுக்கு முன்னால அந்தப் பாஸ்வேர்டை மாத்தும் வே. நீர் பெட்டியில எழுதிப் போட்டிருக்கிறதை ஊரே படிச்சுக்கிட்டிருக்கு" என்றார்.

நான் அசந்துவிட்டேன். "என் பாஸ்வேர்ட் உமக்குத் தெரியுமா?"

"உம்மைத் தெரிஞ்ச யாருக்கும் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும்."

இரண்டு வருஷம்! பார்த்துக்கொள்ளுங்கள். என் சாவியை இரண்டு வருஷம் பையில் வைத்திருந்த ஆள். உள்ளே போனாரா என்று கேட்டேன். "போயி என்ன செய்யப் போறேன்? செத்தவனுக்கு வயசைக் குறைக்கவா?" என்றார். போகவில்லையாம். நம்புகிற பேச்சா? சரி, போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் தெரிந்த அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டாமா? "சொன்னா நீர் கேட்டிருப்பீரா?" என்றார். கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு வந்தேன். என்னுடைய சொத்து, நான் எடுத்தேன். அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும்? அவர் சொல்ல வேண்டியது முதலில் வர வேண்டாமா? அது வந்தால் நம்முடையது தானாக வரும். வரிசை என்று ஒன்று இருக்கிறது.

மறுபடி எல்லாரையும் ஒவ்வொருவராக ஏற்றினேன். ஆவுடையம்மாள் புருஷனை முதலில் ஏற்றினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். எதற்கு மாற்றினேன் என்கிறீர்கள்? என் இன்னொரு போன் நம்பருக்கு. பெட்டியின் அந்தப் பக்கம் எழுதியிருக்கிறதே, அது. கம்பெனிப் பெண் அடுத்த முறை கண்டுபிடித்துத் திட்டிய பிறகுதான் சரியான ஒன்று வைத்தேன். இப்போது இருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கே காலையில் இரண்டு தடவை வராது.

அன்றிலிருந்து இவரும் நானும் பேச்சு கிடையாது. பேச்சு கிடையாது என்றால், நான் பேசமாட்டேன். அவர் டீக்கடையில் மற்றவர்களிடம் பேசுகிற மாதிரி எனக்குப் பேசுவார். "சில பேருக்குச் சிவப்புப் புள்ளி வந்திருக்குமே, அமுக்கியாச்சா இல்ல பஞ்சாங்கம் பாத்துக்கிட்டிருக்காங்களா?" என்பார். டீ கொடுக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் அமுக்குவேன். அவர் சொன்னதற்காக இல்லை. எனக்கே தோன்றித்தான். அப்புறம் இவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்த் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக ஆகிவிட்டது. டீக்கடையில் புள்ளியைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை.

போய்ப் பார்த்தீர்களா என்கிறீர்களா? இல்லை. நான் முதலில் போனால் நான் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். நேற்றுத்தான் வந்தேன், பெட்டியோடு. இருந்ததிலேயே புதுப் பெட்டியைத்தான் கொண்டுவந்தேன். சத்தம் வராது பாருங்கள். பழையது உறுமும், இவருக்கு மிஷின் சத்தம் கேட்டுக் கேட்டு... அதை விடுங்கள். பழையது ரிப்பேரில் இருக்கிறது.

வெப்சைட்டில் போட்டிருக்கிற படம் எப்படி? காது முழுசாக இருக்கிறதா? ரொம்ப நேரம் தேடித்தான் எடுத்தேன்.

இருங்கள் சார், உலகேஸ்வரி கூப்பிடுகிறாள். அவர் மகள்.

என்னம்மா? மாப்பிள்ளை செங்கோட்டை வந்தாச்சா? இல்லையா? வேற என்னம்மா?... அப்பா என்கிட்டச் சொல்லச் சொன்னாரா? எப்ப? ஆஸ்பத்திரியில வச்சா? சார், நீங்களும் கேளுங்கள், நீங்கள்தான் சாட்சி. சொல்லும்மா, சத்தமாவே சொல்லு.

...

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா? நல்லா யோசிச்சுப் பாரும்மா. சொரிமுத்துகிட்ட ஒரு வார்த்தை, தப்பா, கிப்பான்னு ஏதாவது... இல்லையா. சரிம்மா. சரி. செய்றேன். நீ உள்ள போ, அம்மாவைப் பாரு.

கேட்டீர்களா சார்? "ஆடி பிறந்துட்டு, சொரிமுத்து மறுபடி ஆவணிக்குத் தள்ளி வச்சிருப்பான். எனக்குச் செய்தி போடுறதுக்கு முன்னால அமுக்கச் சொல்லு. என் தலைக்கு மேல பட்டாசு வெடிக்கக் கூடாது." ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு, சாகப் போகிறவர் சொல்லி அனுப்புகிற செய்தியா இது? பெற்ற பெண் அழுதுகொண்டே சொல்கிறாள். சிரிக்கவா அழவா?

நான் தள்ளி வைத்திருந்தேனா? வைத்திருந்தேன். நேற்று படம் ஏற்றும்போதுகூடப் புள்ளியைப் பார்த்தேன். ஆடி என்று விட்டேன். மூன்று புள்ளி.

இப்போதே அமுக்க வேண்டியதுதான். போனிலேயே அமுக்கலாம். மணி என்ன? ராகு காலமா? நடு ராகு காலமா? ஆடியில், பிரேதம் வீட்டில் கிடக்க, ராகு காலத்தில்! நடுவில் நின்றுவிட்டால் இவர் செய்தியும் போய்விடும் சார். வழியில் வந்துகொண்டிருப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்கிறார்கள். போஸ்டரும் கிடையாது. கண்ணாடி இல்லாமல் எனக்குச் சரியாகத் தெரியாது, நீங்கள் பாருங்கள். சிவப்பாக இருக்கிறதா? அமுக்குகிறேன்.

சுற்றுகிறது. இன்னும் சுற்றுகிறதா? அப்பா, இவ்வளவு நேரமா... போனை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டதா? முழுசாக? கீழே வரைக்கும் இழுத்துப் பாருங்கள். பேர், வயசு, எடுக்கிற நேரம்? மேலே ஒன்றும் வெடிக்கவில்லையே?

காது? இரண்டு காதும்?

நல்லது. அங்கே போன் வருகிறது, மாப்பிள்ளை செங்கோட்டை தாண்டிவிட்டார் போலிருக்கிறது. நான் எழுந்திருக்க வேண்டும், ப்ளக் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் நீங்கள் சாட்சி சார், ஊருக்குப் போனாலும் மறக்காதீர்கள். மகளைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்ப நினைவு இருந்தது, புள்ளியைப் பற்றி நினைவு இருந்தது, பட்டாசைப் பற்றி நினைவு இருந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. பெட்டியை நான் சாயங்காலம் திருப்பி எடுத்துக்கொண்டு போவேன். அந்த வார்த்தைப் பாக்கி மட்டும் இங்கேயேதான் நிற்கிறது.